வெள்ளிக்கிழமை மீன் கஞ்சி

கற்பூரத் தட்டைக் கண்டு ஒரு குழந்தை மேசைக்கடியில் ஒளிந்துகொண்ட இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன். அதற்கு இத்தனை பேர் எழுதிக் கேட்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு வாசகி சிவகௌரி அக்காவைப் பெயர் சொல்லியே திட்டியிருந்தார். அவசரப்படாதீர்கள் அம்மா. அந்த மனுஷியை எனக்கு உங்களைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தெரியும்.

இந்த வாரம்தான் இந்த இதழைக் கையில் எடுத்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

மெல்பேர்னில் மல்கிரேவ் பக்கம் இருக்கும் சிறிதரனும் யோகாவும் பல வருடங்களாக ஒரு பிள்ளைக்குக் காத்திருந்தவர்கள். வைத்தியர்கள் கையை விரித்த பிறகு, வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்க விண்ணப்பித்தார்கள். வகுப்புகளுக்குப் போனார்கள். வீடு பார்க்க வந்த அதிகாரிகள் கேட்ட கேள்விக்கெல்லாம், சண்டை வந்தால் யார் முதலில் பேசுவீர்கள் என்பது வரைக்கும், முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்கள். கடைசியில் ஹொங்கொங்கிலிருந்து ஒரு பெயர் வந்தது. லோக் யீ. சீனக் குழந்தை, நாலு வயது. கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து திருமதி லாம் என்ற வளர்ப்புத்தாயின் வீட்டில் இருக்கிறாள். இடது காலில் கொஞ்சம் பலம் குறைவு. பிளாஸ்டிக் தாங்கி போட்டால் நடப்பாள், கழற்றிவிட்டால் ஓடுவாள் என்று திருமதி லாம் சொன்னதைக் கேட்டு யோகா சிரித்து, பிறகு அழுதும்விட்டாள்.

“எங்கடை நாட்டிலை பிள்ளையளே இல்லையோ? சீனப் பிள்ளைதான் கிடைச்சுதோ?” என்று கேட்காத சொந்தம் கிடையாது.

யோகா எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள். “எங்களுக்குப் பிள்ளை வேணும். அவளுக்கு அம்மா அப்பா வேணும். இதுக்குள்ளை நாட்டுக்கு என்ன வேலை?”

போன வெள்ளிக்கிழமை பிள்ளையோடு முதல் வீடியோ அழைப்பு. தாயும் தகப்பனும் மட்டும் அமைதியாகப் பேசுங்கள் என்று இங்குள்ள அதிகாரி மெரடித் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் நல்ல விசயம் ஒன்றை இரண்டு பேர் மட்டும் இருந்து நடத்துவது எங்கள் ஆட்களுக்குத் தெரியாத வித்தை. அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கும் சிறிதரனின் அக்கா சிவகௌரி சொந்தம் முழுவதையும் கூப்பிட்டுவிட்டார். யோகா கூறைச் சேலையில் இருந்தாள். சிறிதரன் வேட்டி, சால்வை. பின்னால் ஒரு டசின் தலைகள். திரையில் குழந்தையின் முகம் தெரிந்ததும் எல்லோரும் ஒரேயடியாகக் கையசைத்துக் கூவினார்கள். அக்கா கற்பூரத்தைக் கொளுத்தி, மடிக்கணினிக்கு ஆராத்தி எடுத்தார். முகட்டில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கியது. அந்தப் பக்கம் ஒரு கதிரை விழுந்த சத்தம் கேட்டது. பிறகு குழந்தையைக் காணவில்லை.

அன்றிலிருந்து அக்கா வீட்டில் கற்பூரம் கொளுத்தவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது.

*

இந்த வெள்ளிக்கிழமை இரண்டாவது அழைப்பு.

மெரடித் இதமான மனுஷிதான், ஆனால் உண்மையைச் சீனி தடவிச் சொல்லும் பழக்கம் அவரிடம் இல்லை. இன்றைக்கும் பிள்ளை பயந்தால் பயணத்தைப் பல மாதங்கள் தள்ளிவைக்கத்தான் வேண்டும், பயந்த பிள்ளையை விமானத்தில் ஏற்ற அங்கே சம்மதிக்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். யோசனை ஒன்றும் சொன்னார். அது திருமதி லாமின் யோசனை. லோக் யீ புது முகங்களைக் கண்டால் ஒளிவாள், சாப்பாட்டைக் கண்டால் வெளியே வருவாள். மதியத்தில் அவளுக்கு மீன் கஞ்சி என்றால் உயிர். அவள் சாப்பிடும் நேரத்தில் நீங்களும் உங்கள் குசினி மேசையில் இருந்து அதையே சாப்பிடுங்கள், பேசக்கூட வேண்டாம், பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் போதும் என்றார்.

கேட்பதற்கு எவ்வளவு சுலபம்!

சிவகௌரி அக்காவின் குசினியில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் நுழைந்ததே கிடையாது. முட்டைகூட இல்லை. பரம்பரையாகக் கோயில் காரியம் பார்த்த குடும்பம். யோகா பருத்தித்துறைக்காரி, கடல் பார்த்த வீடு, மீனோடு வளர்ந்தவள். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளோடு அதை விட்டுவிட்டாள். யாரும் விடச் சொல்லவில்லை, அவளாகவே விட்டாள். மீன் சமைக்கிற வீடுகளில்கூட வெள்ளிக்கிழமை மீன் வாங்கமாட்டார்கள். இங்கே அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. தம்பிக்கு ஒரு பிள்ளை கிடைக்கவேண்டும் என்று அக்கா வெள்ளிக்கிழமைகளில் விரதம் இருக்கிறார். வருடக்கணக்காக இருக்கிறார். அந்த விரதத்துக்குக் கிடைத்த பிள்ளை, அதே வெள்ளிக்கிழமையில் மீன் கஞ்சி கேட்கிறாள்.

ஸ்பிரிங்வேல் சந்தையின் கார் தரிப்பிடத்தில் கணவனும் மனைவியும் காருக்குள் இருந்து வாக்குவாதப்பட்டார்கள். சிறிதரனின் மடியில் மீன் பை இருந்தது. மூன்று பைகளுக்குள் சுற்றியிருந்தும் அதைத் தன் உடம்பிலிருந்து தள்ளித்தான் பிடித்திருந்தான்.

“நீங்கள்தான் சொல்லவேணும். உங்கடை அக்கா” என்றாள் யோகா.

“நான் சொன்னா அழுவா. நீர் சொன்னா அழமாட்டா.”

“என்னட்டை அழாமல் அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்துவா. அது இன்னும் கஷ்டம்.”

“சரி, சொல்லாமலே விடுவமே? கராஜிலை வைச்சுச் சமைப்பம். குசினி தீட்டுப்படாது. அக்கா அந்த நேரம் தன்ரை அறையிலை தேவாரம் படிச்சுக்கொண்டிருப்பா. ஒருத்தருக்கும் நோகாது.”

யோகா காரின் மணிக்கூட்டைப் பார்த்தாள். அவளும் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. ஆனால் மூன்று மணிக்கு அழைப்பு வந்துவிடும்.

“அடுப்பு?”

“பக்கத்து வீட்டு ஹம்சாவிட்டை சின்னக் காஸ் அடுப்பு ஒண்டு இருக்கு. காம்பிங் போறவை. கேளும்.”

யோகா தொலைபேசியை எடுத்தாள். ஹம்சா மதுரைக்காரி, உதவி என்றால் காரணம் முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் செய்வாள், ஆனால் கட்டாயம் செய்வாள். இந்த இருவரும் யோசிக்காமல் விட்டது அந்த முதல் பாதியைத்தான்.

*

மணியடித்தபோது யோகா கராஜுக்குள் பழைய பெயின்ற் வாளிகளை ஓரம்கட்டிக்கொண்டிருந்தாள். சிறிதரன் மீனை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். முன்கதவைத் திறந்தது சிவகௌரி அக்கா.

ஹம்சா அடுப்பை இரண்டு கைகளாலும் நீட்டினாள். “அக்கா, இந்தாங்க. யோகா கேட்டிருந்தாங்க, கராஜ்ல மீன் கஞ்சி வைக்கணும்னு. காஸ் புதுசு, பத்தலைன்னா இன்னொரு டின் இருக்கு. குழந்தை இன்னிக்கு நல்லா பேசும் பாருங்க, நானும் சாமிகிட்ட சொல்லியிருக்கேன்.”

அக்கா அடுப்பை வாங்கிக்கொண்டார். “நன்றி பிள்ளை” என்றார். கதவைச் சாத்தினார். அடுப்பைச் சுமந்தபடி வீட்டுக்குள்ளால் கராஜுக்கு வந்தார். நெற்றியில் திருநீறு, காலையிலிருந்து வயிற்றில் தண்ணீர் மட்டும்.

யோகா கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தாள். “மச்சாள், நான் சொல்லத்தான் இருந்தனான்...”

“எப்ப? வெந்த பிறகோ?”

“அக்கா, என்ரை யோசினைதான்” என்று சிறிதரன் குறுக்கே வந்தான். மீன் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தான், ஐம்பதை எட்டிப்பார்க்கும் எஞ்சினியர்.

“நீ சும்மா இரு. மீனைக் கீழை வை, பிழிஞ்சு போடுவாய்.” அக்கா யோகாவைப் பார்த்தார். “இதுக்குள்ளையோ சமைக்கப் போறாய்?”

“ஓம் மச்சாள். இண்டைக்கு உங்கடை விரதம். குசினியிலை சாமித்தட்டு கிடக்கு. அதுதான்...”

“அவள் இஞ்சை வந்தாப் பிறகு?”

“என்ன?”

“வந்தாப் பிறகு எங்கை சமைப்பாய் எண்டு கேக்கிறன். அவளுக்கு ஒவ்வொரு நாளும் இதுக்குள்ளையோ சாப்பாடு? காரும் பெயின்ற் வாளியும் கிடக்கிற இடத்திலையோ அவளின்ரை கோப்பையை வைப்பாய்?”

யோகா தான் ஓரம்கட்டிய வாளிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“எங்கடை வீட்டுப் பிள்ளை. இன்னும் வரவே இல்லை, அதுக்கு முதலே ரெண்டு பேருமாச் சேர்ந்து கராஜுக்குள்ளை விட்டிட்டியள்.”

இவ்வளவு காலமும் அக்காவின் வாயில் அவள் ‘அந்தச் சீனப் பிள்ளை’யாகத்தான் இருந்தாள். கோபமாகச் சொன்னதில்லை, வேற்று ஆளைச் சொல்வதுபோலச் சொல்வார். ‘எங்கடை வீட்டுப் பிள்ளை’ என்று அவர் சொன்னதை அன்றுதான் அவர்கள் முதன்முதலாகக் கேட்டார்கள். சிறிதரன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண் நிறைந்துபோய்.

*

குசினி மூலையில் அடுப்புக்கு எதிரே சாமித்தட்டு இருந்தது. அக்கா அதன் முன்னால் போய் நின்று கும்பிட்டார். பிறகு விளக்கை அணைக்காமல் அப்படியே ஏந்திக்கொண்டு போய்த் தன் அறையில் வைத்தார். திரும்பி வந்து முருகன் படத்தைக் கழற்றினார். படத்தோடு அவர் பேசியதை யோகா பக்கத்தில் நின்று கேட்டாள்.

“நீ கொஞ்ச நாளைக்கு என்ரை அறையிலை இரு முருகா. உனக்கு எங்கை இருந்தாலும் ஒண்டுதான். அவளுக்கு இது புது இடம்.”

எனக்குத் தெரிந்த பக்திமான்கள் நிறையப் பேர். கடவுளுக்காக மனிதரை எழுப்பி நகர்த்தியவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அக்கா செய்ததை இன்னொருவர் செய்து நான் பார்த்ததில்லை. அன்று அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் காலைத் தொட்டிருப்பேன், அவர் தொடவிட்டிருக்கமாட்டார் என்றாலும்.

அதற்காக அவர் ஒரே நிமிடத்தில் மாறிப்போனார் என்று நினைக்கவேண்டாம். சேலைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டுதான் திரும்பி வந்தார்.

“வெங்காயத்தாள் வெட்டித் தருவன். இஞ்சி வெட்டித் தருவன். மீனைத் தொடமாட்டன், கேட்டுதே? என்ரை சட்டி ஒண்டையும் தொடக்கூடாது.”

“புதுச் சட்டி வாங்கிக்கொண்டுதான் வந்தனான் மச்சாள்.”

“அதெண்டா சரி. இனி அதுதான் மச்சச் சட்டி. கீழ்த்தட்டிலை தனிய வை. வேறை கரண்டி, வேறை பலகை. அவள் வளர்ந்தாப் பிறகு அவளுக்கும் சொல்லிக்குடு.”

அரிசி நன்றாகக் குழைந்து மலரும்வரை யோகா கிளறிக்கொண்டே இருந்தாள். கஞ்சி காய்ச்சுவது அவளுக்குப் புதிதில்லை. மீனைத் தோல் நீக்கி மெல்லிய துண்டுகளாகச் சீவும்போது கை தயங்கும் என்று பயந்திருந்தாள், தயங்கவில்லை. விரலால் தடவித் தடவி முள் பார்த்தாள். ஒரு தடவை பார்த்து முடித்ததை மறுபடியும் பார்த்தாள். இறக்கும் நேரத்தில் துண்டுகளைக் கஞ்சிக்குள் விட, அவை உடனே வெள்ளையாக மாறின.

அக்கா தலைப்புக்கு உள்ளே இருந்து மணத்தை உள்ளிழுத்துப் பார்த்தார். “இஞ்சி போட்டால் உவ்வளவு மோசமில்லை” என்றார்.

அழைப்புக்கு நேரமாகிவிட்டது. யோகா வீட்டில் போடும் பருத்திச் சட்டையிலேயே இருந்தாள். சிறிதரனும் வழமையான ரீசேர்ட்டுக்கு மாறியிருந்தான். மடிக்கணினியை அரிசி டின்னில் சாய்த்து வைத்தார்கள். அக்கா ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளி நடைக்குப் போனார்.

“மச்சாள், நீங்கள் இதிலையே இருங்கோவன். ஓரமா.”

“வேண்டாம். என்ரை மூஞ்சி தெரிஞ்சா அது திரும்பவும் ஓடிப்போடும்.”

சொல்லிவிட்டுக் கதவை முக்கால்வாசி சாத்தினார். அந்த ஒரு வசனத்தில் இருந்த வேதனையை யோகா மட்டும்தான் கவனித்தாள்.

*

திரை தெளிந்தது. ஒடுக்கமான ஒரு குசினி. திருமதி லாம் வட்ட முகத்தோடு சிரித்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க வந்திருந்த அங்குள்ள அதிகாரி மிஸ் சுங். குழந்தை திருமதி லாமின் மடியில், முகத்தை அவருடைய தோளுக்குள் புதைத்துக்கொண்டு இருந்தாள். தெரிந்ததெல்லாம் கட்டையாக வெட்டிய கருகரு முடியும் ஒரு காதும்தான்.

யாரும் அவளைக் கூப்பிடவில்லை. யோகா கரண்டியால் கஞ்சியை அள்ளினாள்.

சிறிதரனுக்கும் ஒரு கிண்ணம் வைத்திருந்தது. வாழ்க்கையில் மீன் தின்றிராத மனிதன். மருந்து மாதிரி விழுங்கிவிடுவேன் என்று காலையில் வீரம் பேசியிருந்தான். கரண்டியை வாய்க்குள் வைத்தான். கண்ணை இறுக்கி மூடினான். தொண்டை ஏறி இறங்கியது. கண்ணைத் திறந்தபோது இரண்டிலும் தண்ணீர் நின்றது, முகம் சிவந்திருந்தது.

தோளிலிருந்து ஒரு கண் எட்டிப்பார்த்தது.

குழந்தை ஏதோ சொன்னாள். மிக மெதுவான குரல். மிஸ் சுங் முன்னால் குனிந்தார். “உங்களுக்குச் சுட்டுவிட்டதா என்று கேட்கிறாள். ஊதிச் சாப்பிடச் சொல்கிறாள்.”

சிறிதரன் தலையாட்டினான். அடுத்த கரண்டியை அள்ளி, வாய்க்கு நேரே பிடித்து, ஊதினான். பதட்டத்தில் பலமாக ஊதிவிட்டான். கஞ்சி பறந்து அவனுடைய மூக்குக்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

லோக் யீ சிரித்தாள். முன்பல் ஒன்று கொஞ்சம் கோணல். இப்போது முழு முகமும் தெரிந்தது. மடியில் திரும்பி உட்கார்ந்து, தன் கரண்டியை எடுத்து, எப்படி ஊதவேண்டும் என்று அவனுக்குச் செய்து காட்டினாள். யோகாவும் ஊதினாள். மூன்று பேரும் ஊதி ஊதிச் சாப்பிட்டார்கள். சிறிதரன் இரண்டாவது கரண்டியை விழுங்கியதும் மூன்றாவதை விழுங்கியதும் அவனுக்கே தெரியாது.

பாதிக் கிண்ணம் முடிந்தபோது குழந்தை கரண்டியை நிறுத்தினாள். திரையின் ஒரு ஓரத்தைப் பார்த்தாள், மற்ற ஓரத்தைப் பார்த்தாள். பிறகு திருமதி லாமிடம் நீளமாக ஏதோ கேட்டாள். அந்தப் பக்கத்துப் பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

“நெருப்பு அன்ரி எங்கே என்று கேட்கிறாள்” என்றார் மிஸ் சுங்.

யோகாவுக்கு விளங்கவில்லை. “ஆர்?”

“போன தடவை தட்டில் நெருப்போடு வந்தாரே, அவர். அன்றைக்கு அந்தச் சத்தத்துக்குத்தான் பயந்துவிட்டாள். ஆனால் மறுநாள் காலையிலிருந்து இதே விளையாட்டுத்தான். பொம்மைக்குச் செய்கிறாள், தலையணைக்குச் செய்கிறாள், இன்றைக்கு நான் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது எனக்கும் செய்தாள். பாருங்கள்.”

லோக் யீ மடியிலிருந்து இறங்கினாள். கீழே இருந்து ஒரு தட்டை எடுத்தாள். அதன் நடுவில் ஒரு சிவப்புக் கட்டையை வைத்தாள். இரண்டு கைகளாலும் பிடித்து, திரைக்கு முன்னால், சிறிதரனின் முகத்தைச் சுற்றி, பிறகு யோகாவின் முகத்தைச் சுற்றி, வட்டமாக, மிகக் கவனமாகச் சுழற்றினாள். சுழற்றும்போது வாயால் சத்தமும் போட்டாள். “பீ, பீ, பீ, பீ.”

புகைக் கருவியின் அதே சத்தம். ஆராத்தி என்றால் அந்தச் சத்தமும் சேர்ந்ததுதான் என்று பிள்ளை எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

வெளி நடையில் கதிரை அசைந்தது.

யோகா எழும்பிப் போய்க் கதவைத் திறந்தாள். அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தார். மூக்கில் கட்டியிருந்த தலைப்பு கழுத்துக்கு இறங்கியிருந்தது. அழுகையை அடக்கத் தெரிந்த மனுஷி, அன்றைக்கு அடக்கவில்லை.

“வாங்கோ மச்சாள். உங்களைத்தான் கேக்கிறாள்.”

“என்னையோ?”

“ஓம். உங்களைத்தான்.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, இருவருக்கும் நடுவில், கதிரையின் நுனியில் இருந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தார். குழந்தை அவரைக் கண்டாள். தட்டைக் கீழே வைத்தாள். இரண்டு அடி முன்னால் வந்து, கால் தாங்கி தரையில் தட்டத் தட்ட, திரையை முழுவதும் தன் முகத்தால் நிறைத்துப் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய்த் தன் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு கரண்டி அள்ளினாள். ஊதினாள். திரைக்கு நேரே நீட்டினாள்.

அக்காவின் வாய்க்கு.

வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர். கரண்டியில் மீன் கஞ்சி.

சிறிதரன் அக்காவைப் பார்க்கவில்லை, பார்க்கப் பயம்.

சிவகௌரி அக்கா முன்னால் குனிந்தார். வாயை நன்றாகத் திறந்தார். “ஆ” என்றார். திரையில் முட்டும் கரண்டியை வாங்கிக்கொண்டதுபோல மூடி, மென்று, விழுங்கி, தலையை ஆட்டினார்.

“நல்லாயிருக்குதடி என்ரை குஞ்சு” என்றார் தமிழில்.

மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் மிஸ் சுங்கைக் கேட்கவில்லை. லோக் யீ இரண்டாவது கரண்டியை ஊதத் தொடங்கியிருந்தாள்.

*

அழைப்பு முடிந்து வெகு நேரம் மூவரும் மேசையை விட்டு எழும்பவில்லை. பகிடி விடாமல் சிறிதரனால் ஒரு சந்தோசத்தைத் தாங்க முடியாது.

“அக்கா, விரதம் முறிஞ்சுதோ?”

“கண்ணாடிக்கு அங்காலை கிடந்த மீனெல்லோ. அது முருகனுக்கு விளங்கும். உனக்குத்தான் விளங்காது. மூக்குக்கண்ணாடியைத் துடை.”

மெரடித் கூப்பிட்டபோது வெளியே இன்னும் வெயில் இருந்தது. யோகா எல்லோருக்கும் கேட்கும்படி தொலைபேசியை மேசையில் வைத்தாள். அங்கே சம்மதித்துவிட்டார்கள். பயணம் அடுத்த மாதக் கடைசி. யோகா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிறிதரன் எழுந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, எதையும் எடுக்காமல், மறுபடி மூடினான்.

“இன்னொன்று” என்றார் மெரடித். “இது கட்டாயம் இல்லை. லோக் யீ திருமதி லாமிடம் கேட்டிருக்கிறாள், தன்னைக் கூட்டிப்போக நெருப்பு அன்ரியும் வருவாரா என்று. உங்கள் அக்கா வந்தால் பிள்ளைக்கு நல்லது என்று அங்கேயும் நினைக்கிறார்கள். யோசித்துச் சொல்லுங்கள்.”

தொலைபேசி ஓய்ந்தது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கேட்கத் துணிவு வரவில்லை. காரணம் இருந்தது. அக்கா அவுஸ்திரேலியாவுக்கு வந்து இறங்கிய நாளோடு விமானத்தை மறந்தவர். தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும், சிட்னியின் கிரவீன் பகுதியில், மகன் முறையான பெறாமகன் சுஜீதனின் கலியாணத்துக்கு எல்லோரும் கெஞ்சியும் அவர் போகவில்லை. நான் பிளேனில் ஏறமாட்டன் என்று ஒரே சொல். ஏன் என்று கேட்டால் எழுந்து போய் அப்பளம் பொரிப்பார். குடியுரிமை எடுத்தும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை. எங்கேயும் போகாதவளுக்கு அது எதற்கு என்பார்.

அக்கா எழும்பினார். கிண்ணங்களைக் கழுவும் தொட்டிவரைக்கும் கொண்டுபோனார். மீன் கிண்ணங்கள் என்பது பாதி வழியில் ஞாபகம் வந்தது, ஆனால் கீழே வைக்கவில்லை. கழுவினார். துடைத்தார். கீழ்த்தட்டில் புதுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

பிறகு தன் அறைக்குப் போனார். சற்று நேரத்தில் அங்கிருந்து கற்பூர மணம் வந்தது. யோகா அவசரமாக எழுந்து யன்னல்களைத் திறந்தாள். புகைக் கருவி இந்தத் தடவை அலறவில்லை.

“தம்பி” என்று அறையிலிருந்து குரல் வந்தது.

“என்னக்கா?”

“பாஸ்போட் எடுக்க எவ்வளவு நாள் செல்லும்?”

சிறிதரன் கதிரையிலிருந்து எழும்பியே விட்டான். “கெதியா எடுக்கலாம் அக்கா! நாளைக்கே படம் எடுப்பம்.”

அக்கா கதவடியில் வந்து நின்றார். கையில் தட்டு, தட்டில் கடைசிச் சுடர்.

“எடுப்பம். ஆனா ஏறமுதல் உங்கள் ரெண்டு பேருக்கும் நான் ஒரு விசயம் சொல்லவேணும். முந்தின தடவை பிளேனிலை வரேக்கை நான் தனிய வரேல்லை.”

அன்று அவரோடு கூட வந்தது யார் என்பதை அடுத்த வாரம் சொல்கிறேன்.